இறையிலியும் இலவசப் படுக்கையும்

பெங்களூரில் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் வருவது பொம்மசந்திரா. ஒரு காலத்தில் ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த சிறிய கிராமம், பிறகு தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் பாதை அங்கேதான் முடிகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் யாருக்காவது இருதயத்தில் கோளாறு என்றால் முதலில் சொல்லப்படும் ஊர்களில் இதுவும் ஒன்று. காரணம், டாக்டர் தேவி ஷெட்டி நிறுவி 2001-ல் அங்கு திறக்கப்பட்ட நாராயண ஹ்ருதயாலயா.

குறைந்த செலவில் ஆபரேஷன் நடப்பதால் இதைத் தர்ம ஆஸ்பத்திரி என்று நினைப்பவர்கள் பலர். நம் சங்க அங்கத்தினர்களே சிலர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அது டிரஸ்ட் அல்ல. 2000-ஆம் ஆண்டு பதிவான ஒரு கம்பெனி. 2016 ஜனவரி முதல் அதன் பங்குகள் மும்பைச் சந்தையில் விற்கப்படுகின்றன. மற்றக் கம்பெனிகளைப் போல லாபத்துக்கு வரி கட்ட வேண்டிய நிறுவனம் அது. அதே சமயம் நம் நாட்டில் வரியே கட்டாத டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள் ஏராளம். அவற்றில் சிலவற்றின் பில்லைப் பார்த்தால் கம்பெனி ஆஸ்பத்திரியே தேவலை என்று தோன்றும்.

அப்படியானால் வரி விலக்கு எதற்காகக் கொடுக்கப்படுகிறது? பெயருக்கா, செயலுக்கா? இந்தக் கேள்விக்குச் சரித்திரம் என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே ஊர், ஒரே வருஷம்

பெங்களூரிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உள்ளன. 2001 ஜனவரி 19 அன்று ஒயிட்ஃபீல்டில் ஸ்ரீ சத்ய சாயி உயர் மருத்துவக் கழகம் திறக்கப்பட்டது. இருதயத்துக்கும் மூளை, நரம்பு மண்டலத்துக்கும் அங்கே சிகிச்சை. பணம் வாங்கும் கவுண்ட்டரே கிடையாது. ஏழை, பணக்காரர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாமே இலவசம். செலவு முழுவதும் டிரஸ்டினுடையது.

அதே வருஷம் ஊரின் தென்கோடியில் பொம்மசந்திராவில் வேறு ஒரு வழி தொடங்கியது. அங்கே காசு வாங்குவார்கள். ஆனால் ஒரு நாளில் செய்யும் ஆபரேஷன்களின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒரு ஆபரேஷனுக்கு ஆகும் செலவைக் குறைத்தார்கள். வாங்கிய இயந்திரம் சும்மா இருக்கக் கூடாது. வால்வு, தையல் நூல் முதலியவற்றை மொத்தமாக வாங்கி விலையைக் குறைக்க வேண்டும். முந்தைய நாளின் வரவு செலவு டாக்டர்களுக்கே தினமும் தெரிய வேண்டும். இவைதான் அவர்கள் கையாண்ட முறைகள். வசதியுள்ளவர் முழுக் கட்டணம் கொடுத்தார், இல்லாதவருக்குக் குறைத்தார்கள்.

கர்நாடகக் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக 2003 ஜூனில் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினி காப்பீட்டுத் திட்டத்துக்கும் தேவி ஷெட்டியின் யோசனையே மூலம். மாதம் 5 ரூபாய் சந்தா. முதல் வருஷமே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தனர். 2018-ல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டு நின்றுபோன யஷஸ்வினியை அரசு 2022-23-ல் மறுபடி கொண்டுவந்தது.

ஒயிட்ஃபீல்டின் வரி விலக்கைப் பற்றி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பொம்மசந்திராவைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எழவில்லை. சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஆஸ்பத்திரிகளில்தான்: பதிவில் டிரஸ்ட், பில்லில் கம்பெனி.

கல்லில் எழுதிய கணக்கு

வரி விலக்கு ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர் அதை 'இறையிலி' என்றார்கள். கோயிலுக்கும் பிராமணர்களுக்கும் மடங்களுக்கும் இறையிலியாக நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் சொல்கின்றன.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழர் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு விடப்பட்ட வருவாய் எப்படிச் செலவாக வேண்டும் என்ற பட்ஜெட் அது. பூஜை, வேதபாடசாலை, மாணவர் விடுதி, அவற்றோடு வீரசோழன் பெயரில் ஓர் ஆதுலர் சாலை.

அந்த ஆஸ்பத்திரிக்குப் படுக்கைகள் 15. வைத்தியர் ஒருவர், அவருக்குச் சம்பளம் ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திர சிகிச்சை செய்பவர் ஒருவர். மூலிகை கொண்டுவரவும் மருந்து காய்ச்சவும் ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர், நாவிதர் ஒருவர். நோயாளிக்கு அன்றாடம் எவ்வளவு அரிசி, இராத்திரி விளக்குக்கு எவ்வளவு எண்ணெய், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் இருபது வரை பெயரோடு. எல்லாம் கல்லில் இருக்கிறது.

இதில் என்னைக் கவர்ந்தது தானம் அல்ல, கணக்கு. கோயிலுக்கு விட்ட வருவாய்க்கு ஈடாக எத்தனை படுக்கை, எத்தனை ஆள், எவ்வளவு மருந்து என்பதை ஊரார் பார்க்கும் சுவரிலேயே பொறித்து வைத்தார்கள். 'பதினைந்து படுக்கை எங்கே?' என்று யாரும் கேட்கலாம். விஞ்ஞானம் படித்துவிட்டு அரசாங்க ஃபைல்களோடு காலம் கழித்த எனக்கு, அளந்து சொல்லப்பட்ட தர்மத்தின் மீது மரியாதை அதிகம்.

1890-ஆம் ஆண்டின் சொல்

ஆங்கிலேயர் காலத்துக்கு வருவோம். 1890-ல் இயற்றப்பட்ட தர்மச் சொத்துகள் சட்டம் 'தர்ம காரியம்' என்பதில் ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவ உதவி, பொதுநலத்துக்கான பிற நோக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்தது. மறு வருஷம், 1891-ல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை பெம்சல் வழக்கில் வருமான வரி விலக்குக்கான தர்மத்தை நான்கு வகையாகப் பிரித்தது. இந்தியாவின் 1922, 1961 வருமான வரிச் சட்டங்கள் 1890-ன் வார்த்தைகளையே எடுத்துக்கொண்டன. 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஏழைகளுக்கு உதவி தனி, மருத்துவ உதவி தனி.

அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 'ஏழைகளுக்கு மருத்துவ உதவி' என்று சட்டம் சொல்லவில்லை. 'மருத்துவ உதவி' என்று மட்டுமே சொல்கிறது. ஆகவே பணக்காரருக்குப் பணம் வாங்கிக்கொண்டு வைத்தியம் செய்தாலும், லாபத்தை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகாத வரையில், சட்டத்தின் கண்ணில் அது தர்மம்தான்.

1890-ல் யாருக்கும் இது உறுத்தவில்லை. அப்போது ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் போக்கற்றவர்கள்தான். வசதியுள்ளவர் வீட்டுக்கு டாக்டர் வருவார். பிரசவமும் மரணமும் வீட்டிலேயே. சென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் வெகு காலம் வழங்கியது. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ஆஸ்பத்திரி என்றாலே ஏழை என்று இருந்த காலத்தில் 'ஏழை' என்ற சொல்லைத் தனியாக எழுத அவசியம் இருக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி மாறியது. 1895-ல் எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்டது. ஆபரேஷன் அறை, ரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒவ்வொன்றாக வந்தன. இவற்றை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பணக்காரரும் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார். 1983-ல் சென்னையில் அப்போலோ திறக்கப்பட்டபோது ஆஸ்பத்திரியைக் கம்பெனியாகவே நடத்தலாம் என்பதும் நிரூபணமாயிற்று. ஆஸ்பத்திரி மாறியும், சட்டத்தின் சொல் மட்டும் 1890-லேயே நின்றுவிட்டது.

எண்பத்தைந்து சதவீதம்

விலக்கு பெறும் டிரஸ்ட் தன் வருமானத்தில் குறைந்தது 85 சதவீதத்தை அதன் நோக்கத்துக்காகச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. நிறுவியவரோ அவர் குடும்பமோ அனுசிதமான பலன் அடையக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டும் நல்ல விதிகள். ஆனால் டாக்டர் சம்பளமும் 'நோக்கம்'. புதிய ஸ்கேன் இயந்திரமும் நோக்கம். அடுத்த பத்து மாடிக் கட்டடமும் நோக்கம். ஓர் ஏழையைக்கூட இலவசமாகச் சேர்க்காமல், எல்லாரிடமும் முழுக் கட்டணம் வாங்கி, உபரியைக் கட்டடமாக்கிக்கொண்டே போனாலும் வரி பூஜ்யம். கம்பெனியாக இருந்தால், 2019 முதல் உள்ள சலுகை விகிதத்திலேயே, லாபத்தில் சுமார் 25 சதவீதம் கட்ட வேண்டும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி ஆஸ்பத்திரிகளும் சலுகை பெறாமல் இல்லை. 2010 ஏப்ரலுக்குப் பிறகு தொடங்கிய, 100 படுக்கைக்குக் குறையாத புதிய ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுமானச் செலவு முழுவதையும் வருமானத்திலிருந்து கழிக்க 35ஏடி பிரிவு இடம் கொடுத்தது. ஜி.எஸ்.டி.யிலிருந்து மருத்துவ சேவைக்குக் கிடைக்கும் விலக்கும் இரு தரப்புக்கும் பொது. ஆனால் வருமான வரியே இல்லை என்ற நிலை டிரஸ்டுக்கு மட்டும்தான்.

கட்டாத வரியும் ஒரு மானியமே. அரசுக்கு வராமல் போகும் அந்தத் தொகையை நீங்களும் நானும், தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரரும் வேறு வழியில் கட்டுகிறோம்.

அரசு கேட்டதும் கிடைத்ததும்

சலுகைக்குப் பதிலாக ஏழைக்கு என்ன என்று அரசு கேட்காமல் இருக்கவில்லை. 1988-ல் சுங்க இலாகாவின் 64-ஆம் எண் அறிவிக்கை வெளிநாட்டு மருத்துவ இயந்திரங்களுக்குத் தீர்வை விலக்குக் கொடுத்தது. நிபந்தனை: வெளிநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்கு இலவசம், மாத வருமானம் 500 ரூபாய்க்குக் குறைந்த குடும்பத்தினருக்காக 10 சதவீதப் படுக்கைகள். இயந்திரங்கள் வந்து இறங்கின. இலவச நோயாளிகளைத்தான் பல இடங்களில் காணவில்லை. 1994-ல் அறிவிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. பிறகு மெடிவெல் ஆஸ்பத்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தக் கடமை இயந்திரம் வந்த நாளோடு முடிவதில்லை, தொடர்ந்து நிறைவேற்ற வேண்டியது என்று கண்டிப்பாகச் சொன்னது.

டில்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற ஆஸ்பத்திரிகள் வெளிநோயாளிகளில் 25 சதவீதத்தினரையும் உள்நோயாளிகளில் 10 சதவீதத்தினரையும் இலவசமாகக் கவனிக்க வேண்டும் என்று 2007-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இந்தக் கடமையை உறுதி செய்தது.

மகாராஷ்டிரம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பொது டிரஸ்ட் சட்டத்தில் 1985-ல் சேர்த்த பிரிவையும் பம்பாய் உயர் நீதிமன்றம் 2006-ல் வகுத்த திட்டத்தையும் கொண்டு, டிரஸ்ட் ஆஸ்பத்திரிகள் 10 சதவீதப் படுக்கைகளைப் பரம ஏழைகளுக்கு இலவசமாகவும், 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குக் குறைந்த கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். மொத்த பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளி நிதிக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று வைத்தது. மும்பை, புனே அன்பர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய விதி. வீட்டு வேலை செய்பவருக்கோ வாட்ச்மேனுக்கோ ஒரு நாள் உதவும்.

விதி இருந்தால் போதாது, தெரியவும் வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் குடியிருப்பில் சமையல் வேலை செய்யும் ஓர் அம்மாளின் கணவரை ஒரு பெரிய டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தது. பெயர் வேண்டாம். 'இங்கே இலவசப் படுக்கைகள் எத்தனை, யாருக்குக் கொடுக்கிறீர்கள்?' என்று கவுண்ட்டரில் கேட்டேன். 'அதெல்லாம் டிரஸ்ட் ஆபீஸில் கேளுங்கள், சார்' என்றார் அந்தப் பெண், மரியாதையாகவே. டிரஸ்ட் ஆபீஸ் வேறு ஊரில் இருந்தது. முன்பணம் எவ்வளவு என்பது மட்டும் பெரிய எழுத்தில் அவர் தலைக்கு மேலேயே இருந்தது. கடைசியில் குடியிருப்புவாசிகள் சேர்ந்து பணம் கட்டினோம். எனக்குத் திருமுக்கூடல் சுவர் நினைவுக்கு வந்தது.

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருக்கும் நம்மவர்களுக்கு அங்குள்ள ஆஸ்பத்திரி பில்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்நாட்டு வருமான வரி இலாகா 1956-ல், தன் சக்திக்கு இயன்ற அளவு ஏழைக்கு வைத்தியம் செய்தால்தான் ஆஸ்பத்திரிக்கு விலக்கு என்றது. 1965-ல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசுக் காப்பீடு வந்தது. இனி இலவசத்துக்கு அவசியம் குறையும் என்ற எண்ணத்தில், 1969-ல் 'சமூகத்துக்குப் பயன்' இருந்தாலே போதும் என்று மாற்றினார்கள். பயனை அளக்கக் கோல் எதுவும் தரவில்லை. 2010-ன் சுகாதாரச் சட்டம் கடன் வசூல், நிதி உதவி பற்றிச் சில கட்டுப்பாடுகளை விதித்தது. இவ்வளவு இலவசம் என்ற அளவை அதுவும் விதிக்கவில்லை. கே.எஃப்.எஃப். என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ல் அங்கே லாப நோக்கற்ற ஆஸ்பத்திரிகளின் வரி விலக்கு சுமார் 28 பில்லியன் டாலர். அவை செய்த இலவச வைத்தியம் சுமார் 16 பில்லியன். கல்வி, ஆராய்ச்சி என்று வேறு சேவைகளும் உண்டு என்பது ஆஸ்பத்திரிகளின் வாதம். அதுவும் உண்மையே. ஆனால் அளவு குறிக்காத தர்மம் சுருங்கிக்கொண்டே போகும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாடும் அந்தத் திசையில்தான் செல்கிறது. 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த எல்லாருக்கும், வருமானம் எதுவானாலும், இடமளித்தது. நல்ல திட்டம். ஆனால் அரசு பணம் கொடுத்த நோயாளியை டிரஸ்ட் தன் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. அந்தத் தர்மம் செய்தது அரசு.

தகுதி உள்ளவை உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு விலக்கையே எடுத்துவிட வேண்டும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அது பெரிய பாவமாக முடியும்.

1958-ல் டாக்டர் கே.எஸ். சஞ்சீவி சென்னையில் நிறுவிய வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், குடும்ப வருமானத்துக்கு ஏற்பச் சந்தா என்ற முறையைக் காப்பீடு என்ற பேச்சே நம் ஊரில் பிறக்காத காலத்தில் நடத்திக் காட்டியது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி ஓய்வுக்குப் பிறகு மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, கட்டணம் கொடுப்பவர் தரும் உபரியில் கட்டணம் கொடுக்க முடியாதவருக்குக் கண் கொடுக்கிறது. கோவையில் 1977-ல் டாக்டர் ஆர்.வி. ரமணி தொடங்கிய காஞ்சி காமகோடி மெடிக்கல் டிரஸ்டிலிருந்து வளர்ந்த சங்கரா கண் ஆஸ்பத்திரிகள், 80 பேருக்கு இலவசம், 20 பேருக்குக் கட்டணம் என்ற விகிதத்தையே லட்சியமாக வைத்தன. டாக்டர்களிடையே 1976-ல் காஞ்சி ஸ்ரீ ஜயேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள் விடுத்த அழைப்பை ஏற்று 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயாவை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இவையும் உபரி ஈட்டுகின்றன, கட்டடம் கட்டுகின்றன. உபரி குற்றமல்ல, அது எங்கே போகிறது என்பதே கேள்வி.

ஆக, பொம்மசந்திராவை வைத்து நான் வந்தடைந்த முடிவு இது. ஏழைக்கு ஒரு கம்பெனி செலவைக் குறைத்தால் அது அதன் விருப்பம். பாராட்டலாம், வற்புறுத்த முடியாது. பங்குதாரர் நாளை வேறு மாதிரி நினைத்தால் அந்த விலையும் மாறலாம். டிரஸ்ட் ஏழைக்குச் செய்வது விருப்பமல்ல, கடன். ஏனென்றால் அதற்கான விலையை வரி விலக்காக முன்கூட்டியே வாங்கிக்கொண்டுவிட்டது. வாங்கிய கடனுக்குக் கணக்குக் காட்டுவது நியாயம்.

புதிதாகச் சட்டம் இயற்றக்கூட வேண்டாம். ஒரு பலகை போதும் என்பது என் அபிப்பிராயம். விலக்குப் பெறும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வாசலில், உள்ளூர் மொழியில், மூன்று எண்களை எழுதி வைக்கட்டும்: சென்ற வருஷம் விலக்கினால் கட்டாமல் விட்ட வரி எவ்வளவு, அரசுக் காப்பீடு நீங்கலாகச் சொந்தச் செலவில் செய்த இலவச வைத்தியம் எவ்வளவு, இன்று காலியாக உள்ள இலவசப் படுக்கைகள் எத்தனை. இரண்டாவது எண் முதலாவதைவிடப் பெரியதாக இருந்தால் அந்த விலக்கு தகும். ஆராய்ச்சிக்கும் போதனைக்கும் செலவிடுபவர்கள் அதையும் நான்காவது வரியாக எழுதிக்கொள்ளட்டும்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஷஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம், பெற்றோர் திதி என்று ஆஸ்பத்திரிகளுக்கு நன்கொடை அனுப்பும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. 80ஜி என்று நாம் அறிந்த கழிவு புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கிடையாது. அவர்கள் கொடுப்பது முழுக்கக் கைப்பணம். இன்னும் கவனமாகக் கொடுக்க வேண்டும். செக் எழுதுவதற்கு முன் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, மேற்சொன்ன எண்களைக் கேளுங்கள். ஒழுங்காக நடக்கும் இடத்திலிருந்து பதில் வரும். வராத இடத்துக்கு, உங்கள் தாயார் தகப்பனார் பெயரில் தர்மம் போய்ச் சேர வேண்டிய அவசியமில்லை.